ஒரு நிறை, ஒரு குறை

பல்லுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குப் பாட்டு வராது, அவருக்குப் பொய் வராது. அதோடு விட்டிருந்தால் தங்கமான மனிதர் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். தனக்குப் பொய் வராது என்பதை அவரே போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததுதான் சங்கடம்.

பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்குக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் அவர் பல் செட் செய்கிறார். டாக்டர் வாயில் எடுத்த அச்சு அவரிடம் வரும். அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக வைத்து, கடைசியில் மோட்டாரில் வழவழவென்று தேய்த்துக் கொடுப்பார். கை சுத்தம். வாய்தான் கொஞ்சம் அப்படி இப்படி. நோயாளி யாராவது எட்டிப் பார்த்து, "பழைய பல்லு மாதிரியே இருக்குமா?" என்று ஆசையாகக் கேட்டால், "இருக்காது. ஆறு மாசம் அவஸ்தைதான். அப்புறம் பழகிடும்" என்பார். அவர் முன்னறைக்கு வர வேண்டாம் என்று டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் மனைவி சொல்வது வேறு. "ஊருக்கெல்லாம் பல்லு கட்டுறாரு. இவரு நாக்குக்கு ஒரு கட்டு போட ஆளில்ல."

பல்லுக்காரரும் அவர் சிநேகிதர்கள் ஏழெட்டுப் பேரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் வாசகசாலையின் மாடியில் கூடுவார்கள். சாமி இல்லாமல் நல்லவனாக வாழ முடியும் என்பது அவர்கள் கட்சி. நம் மொழியில் அறம் என்று ஒரு சொல் இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே சொர்க்கமும் இல்லை நரகமும் இல்லை, பக்கத்து மனிதன்தான் இருக்கிறான் என்று பல்லுக்காரர் மேசையைத் தட்டிச் சொல்வார். வெறும் பேச்சு என்று அவர்களைத் தள்ளிவிட முடியாது. ரத்தம் கொடுப்பார்கள், வெள்ளம் வந்தால் முழங்கால் தண்ணீரில் இறங்குவார்கள், யாருமில்லாத பிணத்தையும் தூக்குவார்கள்.

பிணம் தூக்கப் போய்த்தான் அந்த வழக்கம் பிறந்தது. இளம் வயதில் ஒரு சாவுக்குப் போயிருந்தார்கள். செத்தவன் ஊரை அடித்து உலையில் போட்டவன். ஆனால் மேடையில் பேசியவர்கள் அவனுக்குக் குத்துவிளக்கு ஏற்றிக் கும்பிடாத குறை. திரும்பி வரும் வழியில் கூட்டத்தார் பொருமித் தீர்த்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். நம் ஆட்கள் செத்தால் மந்திரம் வேண்டாம், மாலை வேண்டாம், புகழ்ச்சியும் வேண்டாம். ஒருவர் எழுந்து, செத்தவரிடம் இருந்த ஒரு நிறையைச் சொல்ல வேண்டும், ஒரு குறையைச் சொல்ல வேண்டும். குறையே இல்லாதவன் மனிதனே இல்லை. மனிதனை மனிதனாக அனுப்பி வைப்போம்.

அந்த முடிவை எடுத்ததில் பாதிப் பங்கு நிதானத்துக்கு. நிதானம் என்பது பல்லுக்காரரின் தங்கை புருஷன், பஸ் டிரைவர். முந்திப் போக மாட்டார், ஹாரன் அடிக்க மாட்டார், ஓடி வருகிற பயணிக்காக ஸ்டாப்பில் காத்திருப்பார். அவர் பஸ்ஸில் ஏறினால் கண்டிப்பாகப் போய்ச் சேரலாம், எப்போது என்று மட்டும் கேட்கக் கூடாது. அந்தப் பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

சாவு வீட்டில் பேசுவதிலும் அவர் நிதானம்தான். ஒருவருக்கு, "இரவல் வாங்கின குடையைத் திருப்பித் தந்ததா சரித்திரம் இல்ல" என்பார். இன்னொருவருக்கு, "சீட்டுல தோத்தா வெயில் மேல பழி போடுவாரு" என்பார். அழுதுகொண்டிருக்கிற பெண்டாட்டி பிள்ளைகள் கண்ணீரோடு சிரித்துவிடுவார்கள். பல்லுக்காரருக்கு அதில் திருப்தியில்லை.

"நீ குறை சொல்றியா, கிச்சுகிச்சு மூட்டுறியா மச்சான்?" என்று ஒரு தடவை கேட்டார்.

"செத்தவன் கேக்கப் போறதில்ல மச்சான். உக்காந்திருக்கிறவங்கதான் கேப்பாங்க" என்றார் நிதானம்.

"அப்ப உண்மை?"

"அது எங்கயும் ஓடிடாது. நீ டீயக் குடி."

இப்படிச் சொன்ன மனிதர் ஒருநாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஒரு பக்கம் சாய்ந்தார். சாய்வதற்கு முன்னால் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டுத்தான் சாய்ந்தார் என்று கண்டக்டர் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார். இடது கையும் காலும் விளங்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவரைத் தூக்கி நிமிர்த்தியது அவர் மகள் பாப்பாதான்.

பாப்பாவுக்கு முப்பது வயது. வயது ஏறினாலும் வீட்டில் பெயர் அதுதான். ஆஸ்பத்திரியில் கைகால் பயிற்சி கொடுக்கிற வேலை. வெளியூரில் பெரிய ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது, போகவில்லை. கல்யாணப் பேச்சு வந்தது, இப்போதைக்கு வேண்டாம் என்றுவிட்டாள். அப்பாவைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, பவுடர் போட்டு, "இன்னிக்கு எத்தன அடி நடக்குறோம் டிரைவர் சார்?" என்று கேட்பாள். அவர் கோணிய வாயால் சிரிப்பார். அப்பாவும் மகளும் அப்படி. வெளியாள் பார்த்தால் கண் பட்டுவிடும் என்று பயப்படுகிற மாதிரி.

பல்லுக்காரருக்குப் பிள்ளை இல்லை. பாப்பாதான் அவருக்கும் பிள்ளை. சைக்கிள் ஓட்டப் பழக்கியதும் கேள்வி கேட்கப் பழக்கியதும் அவர்தான். "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சின்ன வயதில் அவள் சொல்லிக்கொண்டு திரிந்ததை அவர் மெடல் போலச் சுமந்து வந்தார்.

நிதானம் ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். யார் பேசுவது என்ற கேள்வியே எழவில்லை. மயானத்துக்குப் போகும் வழியில், கூட்டத்தில் ஒருவரான தபால்காரர் பல்லுக்காரரின் தோளைத் தொட்டார்.

"வேகமா ஓட்டத் தெரியாத மனுசன்னு சொல்லிட்டு இறங்கிடுப்பா. அதுவே போதும்."

பல்லுக்காரருக்குச் சுருக்கென்றது. சொந்த மச்சான் என்பதற்காகக் குறையில் தண்ணீர் கலப்பதா? ஊருக்கு ஒரு நியாயம், உறவுக்கு ஒரு நியாயமா? நாளைக்கு எவன் நம்மை மதிப்பான்? அடுத்தவர் வீட்டுச் சாவில் கறாராக இருந்தவர், தன் வீட்டுச் சாவில் அதைவிடக் கறாராக இருக்க வேண்டும் என்று நினைத்தார். இந்த மாதிரித் தப்பைச் செய்ய கெட்டவனால் முடியாது. அதற்குக் கொள்கை வேண்டும்.

மின்மயானத்தின் முன்மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். டிப்போ ஆட்கள் யூனிபார்மோடு வந்திருந்தார்கள். முதல் வரிசையில் தங்கையும் பாப்பாவும். பல்லுக்காரர் எழுந்து நின்று முதலில் நிறையைச் சொன்னார். இத்தனை வருட சர்வீஸில் ஒரு நாயைக்கூட இடிக்காத டிரைவர் என்றார். டிப்போ ஆட்கள் தலையாட்டினார்கள், ஒருவர் விசும்பினார். அதோடு உட்கார்ந்திருக்கலாம்.

"குறையும் சொல்லணும். அது அவரும் சேர்ந்து போட்ட சட்டம்" என்று தொடர்ந்தார். "பாப்பா பிறந்தப்ப நான் ஊர்ல இல்ல. ஒரு மாசம் கழிச்சு வந்தேன். என் தங்கச்சி அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தா. என்னன்னு கேட்டேன். மச்சானே என்கிட்ட ஒத்துக்கிட்டார். 'ஆம்பளப் புள்ளைய எதிர்பார்த்தேன். பொண்ணுன்னதும் மனசு விட்டுப்போச்சு. ஒரு மாசமா நான் புள்ளையத் தூக்கல'ன்னார். ஆணும் பொண்ணும் ஒண்ணுன்னு மேடையில பேசின மனுசனுக்குள்ளயே அந்த அழுக்கு இருந்துச்சு. ஆனா அதை அவர் கழுவினார். கழுவினதுக்குச் சாட்சி இதோ உக்காந்திருக்கு."

இது குறையே இல்லை, குறைக்குள் பொதிந்த பெரிய பெருமை என்று அவர் நினைத்திருந்தார். சொல்லி முடித்ததும் மண்டபத்தில் யாராவது தலையாட்டுவார்கள் என்று பார்த்தார். யாரும் ஆட்டவில்லை. தபால்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை முந்தானையை வாயில் வைத்து அழுத்தியிருந்தாள். பாப்பா எதிரில் கிடத்தியிருந்த அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், தெரியாத மனிதர் ஒருவரைப் பார்ப்பது போல.

எல்லாம் முடிந்து, ஆட்கள் கலைகிற நேரத்தில் அவள் வந்தாள்.

"மாமா, அது உண்மையா?"

இரண்டாவது வாய்ப்பு. இல்லைம்மா, பேச்சு வாக்கில் வந்துவிட்டது என்று அந்த இடத்தில் எந்த மடையனும் சொல்லியிருப்பான். பல்லுக்காரர் மடையன் இல்லையே.

"உண்மைதான் பாப்பா. உங்கப்பாவே சொன்னது."

"ஒரு மாசமா?"

"அப்படித்தான் சொன்னார்."

அவள் தலையை ஆட்டினாள். "ரெண்டு வருசம் நான் அவரத் தூக்கினேன் மாமா" என்று மட்டும் சொன்னாள். பிறகு நாற்காலிகளை அடுக்கப் போய்விட்டாள்.

அதன் பிறகு அவர் போன் செய்தால் பாப்பா எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனால் டியூட்டி என்றார்கள். அப்பாவின் படத்துக்குச் சட்டம் போடக் கொடுத்திருந்தாள், அதை வாங்கி வரவில்லை. வெளியூர் ஆஸ்பத்திரிக்கு மறுபடி எழுதிப் போட்டிருக்கிறாள் என்று தபால்காரர் மூலம் தெரியவந்தது. கோபம் ஆறினால் வருவாள், உண்மை கசக்கத்தான் செய்யும் என்று பல்லுக்காரர் மனைவியிடம் சொன்னார். மனைவி அவருடைய தட்டை எடுத்துக் கழுவப் போட்டாள். அவர் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் தங்கை வேலையிடத்துக்கே வந்தாள். அவள் அந்த அறைக்கு வந்ததேயில்லை. அலமாரியில் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்த மாவுப் பற்களை ஒரு தரம் பார்த்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்தாள். அவர் மோட்டாரை நிறுத்தினார்.

"அண்ணே, புள்ளையத் தூக்காதது அவரு இல்ல. நான்."

பல்லுக்காரருக்குப் புரியவில்லை.

"பெத்துப் போட்டதும் எனக்கு என்னமோ ஆயிடுச்சு. சுவத்தப் பாத்துப் படுத்துட்டேன். புள்ள அழும். எனக்குக் கேக்கும். ஆனா பக்கத்து வீட்டுல ஏதோ புள்ள அழுற மாதிரி இருக்கும். கை எழும்பல. பக்கத்துல கொண்டாந்து வச்சா தள்ளிப் படுப்பேன். ஒரு நாள்..." என்று நிறுத்தினாள். "அத விடு. இப்ப அதுக்கு ஒரு பேரு இருக்கு, மாத்திரை இருக்குன்னு பாப்பாவே சொல்றா. அவ ஆஸ்பத்திரிக்கு அந்த மாதிரி வருவாங்களாம். அன்னிக்கு எங்க வீட்டுல இருந்தவங்க வச்ச பேரு திமிரு. பெத்த புள்ளையத் தொடாத ராட்சசின்னாங்க."

"அப்ப மச்சான் சொன்னது?"

"அவரு எல்லாரையும் கூட்டி வச்சு, தப்பு என்னுதுன்னாரு. 'பொண்ணாப் போச்சேன்னு நான் பேசிட்டேன், அதுலதான் அவ மனசு ஒடஞ்சு கிடக்குறா'ன்னாரு. எல்லாருடைய வாயும் என்னை விட்டுட்டு அவரு பக்கம் திரும்பிடுச்சு. நிசத்துல அந்த ஒரு மாசமும் புள்ளை அவரு நெஞ்சுலதான் கிடந்துச்சு. டியூட்டி முடிஞ்சு வந்ததும் துண்டுல கட்டித் தூக்கிக்கிட்டு மாடியில நடப்பாரு. ஆள் வர்ற சத்தம் கேட்டா மட்டும் இறக்கி வச்சிடுவாரு. சொன்ன பொய்யி நிக்கணும்ல."

பல்லுக்காரர் கையில் ஒரு கீழ்வரிசைப் பல் செட் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மச்சானைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பெண்ணின் பெருமை பற்றிப் பொழுது சாயும்வரை பாடம் எடுத்தது ஞாபகம் வந்தது. மனிதர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. குனிந்த தலையோடு, "நீ சொல்றது சரிதான் மச்சான்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகும் எத்தனையோ தரம் வாக்குவாதத்தில், 'உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா' என்று அந்தக் கதையை ஜாடையாகக் குத்தியிருக்கிறார். அப்போதும் அவர் சிரித்துக்கொண்டு டீயைக் குடித்தார்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"நானும் அதத்தான் கேட்டேன். அண்ணன்கிட்ட மட்டுமாவது சொல்லுங்கன்னேன். 'அவன்கிட்ட சொன்னா, உண்மைன்னு சொல்லி நாலு பேரு நடுவுல வச்சிடுவான்'ன்னாரு."

முன்னறையில் டாக்டர் யாரையோ வாயைத் திறக்கச் சொன்னார்.

"இப்ப நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு" என்றாள் தங்கை. "அவ அப்பா அவளத் தூக்கலன்னு நம்பிக்கிட்டே போகட்டுமா? இல்ல, அப்பா இல்லடி, அம்மாதான் உன்னத் தொடலன்னு சொல்லட்டுமா? இருக்கிற ஒருத்தியையும் அவகிட்டருந்து எடுத்துடவா?"

நாலு பேர் நடுவில் நியாயம் சொல்லியே பழகிய மனிதர் கையிலிருந்த பல் செட்டை மேசையில் வைத்தார். கடைசியில், "நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் பேசுறேன்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது அவர் ஒரு பொய்யைத் தயார் செய்தார். உண்மை நாக்கு நுனியில் ரெடியாக நின்றது. அதைச் சொன்னால் மச்சானின் பெயர் மீண்டுவிடும், தங்கையின் பெயர் போய்விடும். அதை முதல் தடவையாக விழுங்கிக்கொண்டார். அது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. மச்சான் முப்பது வருடம் இதை எப்படித் தினமும் செய்தார் என்று யோசித்தார். தன்னை நினைத்து வெட்கமாக இருந்தது.

கதவைத் திறந்தது பாப்பா. உள்ளே பாதி அடுக்கிய பெட்டி கட்டில்மேல் திறந்து கிடந்தது. அவரை உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"பாப்பா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு."

"சொன்னது தப்பா, சொன்ன விஷயம் தப்பா மாமா?"

"விஷயமே தப்பு. அது உங்கப்பா இல்ல. வயசாச்சுல்ல, ஆள் மாறிப்போச்சு. அது நம்ம தபால்காரன் சொன்னது. அவனுக்குப் பொண்ணு பொறந்தப்ப..."

"தபால்கார மாமாவுக்கு ரெண்டும் பசங்க."

பல்லுக்காரர் தண்ணீரைக் குடித்தார். "தபால்காரன் இல்ல, அவன் தம்பி."

"அவர் கல்யாணமே பண்ணிக்கலையே மாமா."

பல்லுக்காரரின் காது மடல் சிவந்துவிட்டது. பாப்பாவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. சிரித்த முகத்தோடே அவள் கண் நிறைந்துவிட்டது.

"உங்களுக்கு இது வரல மாமா. விட்டுடுங்க" என்றாள். "என் சின்ன வயசுலருந்து நீங்க ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்ல. வேற யாராவது அன்னிக்கு மண்டபத்துல அதச் சொல்லியிருந்தா, போடான்னு வந்திருப்பேன். நீங்க சொன்னதாலதான் நம்பினேன். இப்ப நீங்களே இவ்வளவு சிரமப்பட்டு இல்லைன்னு சொல்றீங்க. அப்ப அது நான் நெனச்சதைவிட நிஜமாத்தான் இருக்கணும்."

"இல்லடா. சத்தியமா இல்ல." சத்தியம் செய்கிற பழக்கமும் அவருக்குக் கிடையாது.

"பரவாயில்ல மாமா. அங்க போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன்" என்று அவள் எழுந்து, பெட்டியில் துணியை மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

சமையலறை வாசலில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று அவர் கவனிக்கவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்த கையை மறுபடி துடைத்தாள். அவள் என்ன செய்யப் போகிறாள் என்பது பல்லுக்காரருக்கு விளங்கிவிட்டது.

"வேணாம்மா. நான் இன்னொரு தடவை பேசிப் பாக்குறேன்" என்று எழுந்தார்.

"நீ பேசினது போதும்ண்ணே." அவள் குரலில் கோபமில்லை. களைப்பு இருந்தது. "நீ கொஞ்சம் வெளிய நில்லு. பாப்பா, அத அப்படியே வச்சிட்டு வா. இங்க உக்காரு."

மகள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தாள். தங்கை அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள், நாற்காலி காலியாக இருந்தும்.

பல்லுக்காரர் வெளியே வந்து கதவைச் சாத்தினார். மாடிப்படியில் எதிர்வீட்டுக்காரர் ஏறி வந்து, "என்ன சார், வெளிய நிக்குறீங்க?" என்றார். அவர் ஏதோ தலையாட்டினார். உள்ளே தங்கையின் குரல் தணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது, வார்த்தை புரியவில்லை. பிறகு அதுவும் நின்றது. நிதானம் இருந்திருந்தால் இந்நேரம் ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே போயிருப்பார், இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள். பல்லுக்காரர் கைப்பிடியில் கையை வைத்தார். உள்ளே யாரோ அழ ஆரம்பித்தார்கள். தாயா மகளா என்று அவருக்குத் தெரியவில்லை. கையை எடுத்துவிட்டு, அங்கேயே நின்றார்.